மலைப்புல் ஒன்று, வளர்ச்சி பலவிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள், மலையகத்தில் மாடு வளர்க்கும் சொந்தக்காரருக்காக விசாரிப்பவர்கள், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்து "அங்கே வெறும் புல்தானே இருக்கிறது" என்று சொல்பவர்கள் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் பேசப்படுவது தெமீடா திரையண்ட்ரா என்ற புல். ஆபிரிக்க மேட்டுநிலங்களிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆசியாவிலும் இயற்கையாக வளரும் மேய்ச்சல் புல் அது. ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் வளர்ச்சி எப்படி மாறுகிறது என்று படிக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் மலைகளுக்கு வேண்டிய பாடமும் அதற்குள் இருக்கிறது.

ஒரே இனப் புல் என்றால் எங்கே வளர்ந்தாலும் ஒரே மாதிரித்தானே இருக்கும்?

இருக்காது. இனத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒரு சரிவில் பல தலைமுறையாக விதைத்து, முளைத்து, பனியிலும் வெயிலிலும் தப்பிப் பிழைத்த கூட்டம் வேறு. 500 மீற்றர் கீழே வேறொரு மண்ணில் அதேபோல் தப்பிப் பிழைத்த கூட்டம் வேறு. பாடப்புத்தகத்தில் குடித்தொகை என்று வருவது இந்தக் கூட்டத்தைத்தான். ஒரு குடித்தொகை உயரமாக வளரும், இன்னொன்று தரையோடு படர்ந்து நிற்கும். ஒன்று மழை விழுந்தவுடன் பூக்கும், இன்னொன்று இலையை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருக்கும்.

அது மண்ணும் காலநிலையும் செய்கிற வேலை இல்லையா?

பாதி அப்படித்தான். குளிரிலும் காற்றிலும் எந்தப் புல்லும் குட்டையாகத்தான் இருக்கும். அதைக் கீழே கொண்டுவந்து நல்ல மண்ணில் வைத்தால் உயர்ந்துவிடலாம். அப்படி உயர்ந்தால், அந்தக் குட்டைத்தனம் சூழலால் வந்தது. கீழே வந்த பிறகும் குட்டையாகவே நின்றால் அது பரம்பரையாக வருவது. மலையில் நின்று கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. புகைப்படம் பார்த்தும் முடியாது. இந்தக் கேள்வியில்தான் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள்.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது?

வெவ்வேறு இடத்துப் புல்லை ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீர் அளவில் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். சூழலைச் சமப்படுத்திய பிறகும் மிஞ்சுகிற வேறுபாடு பரம்பரையில் வருவது. சுவீடனைச் சேர்ந்த யோத்தே துரேசன் இப்படி நாட்டின் பல பகுதிச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்து, ஓர் இனத்துக்குள்ளேயே சூழலுக்கேற்ற வகைகள் இருக்கின்றன என்று 1922ல் எழுதினார். அவற்றுக்குச் சூழல்வகை என்று பெயரும் வைத்தார்.

அடுத்த பெரிய அடி கலிபோர்னியாவில் வைக்கப்பட்டது. கிளவுசன், கெக், ஹீசி என்ற மூவர், கடல்மட்டத்துக்குக் கிட்டே உள்ள ஸ்டான்போர்டு, சுமார் 1,400 மீற்றர் உயரமுள்ள மேதர், சுமார் 3,000 மீற்றர் உயரமுள்ள டிம்பர்லைன் என்ற மூன்று இடங்களில் தோட்டம் போட்டார்கள். ஒரு செடியையே துண்டாகப் பிரித்து மூன்று தோட்டத்திலும் நட்டார்கள். பரம்பரை ஒன்று, உயரம் மூன்று. கடலோரத்துச் செடிகள் உச்சியில் தாக்குப்பிடிக்கவில்லை. உச்சியின் செடிகள் கீழே உயிரோடு இருந்தாலும் கீழ்நாட்டுச் செடிகள் அளவுக்கு ஓங்கி வளரவில்லை. இதன் முதல் பெரிய அறிக்கை 1940ல் வந்தது. அவர்கள் எடுத்தவை பெரும்பாலும் பூண்டுச் செடிகள். ஆனால் முறை புல்லுக்கும் அப்படியே பொருந்தும். புல்லைத் தூர் தூராகப் பிரித்து நடலாம் என்பதால் புல்லில் இது இன்னும் சுலபம்.

மலையில் பல மைல் தள்ளி இருந்தால்தான் இந்த வேறுபாடு வருமா?

இல்லை. இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட்டில் 1856ல் தொடங்கி இன்றும் நடக்கும் ஒரு புல்வெளிப் பரிசோதனை உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளுக்கு வெவ்வேறு உரம் போட்டுக்கொண்டே வந்தார்கள். அங்கே வளரும் வாசனைப்புல் ஒன்றைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, சில மீற்றர் இடைவெளியில் உள்ள பாத்திகளுக்கிடையே கூடப் பரம்பரை வேறுபாடு உருவாகியிருந்தது. மகரந்தம் காற்றில் அங்குமிங்கும் பறந்தபோதும் அப்படி. மண் செய்யும் தெரிவு கடுமையாக இருந்தால் நூறு வருடம் போதும்.

தெமீடாவில் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்?

நிறைய. முதலில் நிறமூர்த்தம், அதாவது கலத்துக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழை. இந்தப் புல்லில் ஒரு தொகுதிக்கு 10. அவுஸ்திரேலியாவில் 20 நிறமூர்த்தம், அதாவது இரண்டு தொகுதி உள்ள இருமடியச் செடிகள் பெரும்பாலும் தென்கிழக்கின் குளிர்ந்த, ஈரமான பகுதிகளிலும் மலைப்பக்கமும் இருக்கின்றன. 40, அதாவது நான்கு தொகுதி உள்ள நான்மடியச் செடிகள் சூடான, வறண்ட உள்நாட்டுப் பக்கம் பரவியிருக்கின்றன. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே புல்தான். வெப்பத்திலும் வறட்சியிலும் வைத்துச் சோதித்தபோது நான்மடியம் கூடுதல் விதை கொடுத்தது என்று 2017ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அப்புறம் பூக்கும் காலம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இவான்ஸ், நொக்ஸ் என்ற இருவர் 1969ல் வெவ்வேறு அட்சரேகையிலிருந்து கொண்டுவந்த தெமீடாவைப் பகல் நீளத்தைக் கட்டுப்படுத்திய அறைகளில் வளர்த்தார்கள். பூமத்திய ரேகைப் பக்கத்துப் புல் குறும்பகலில் பூத்தது. தெற்கே தொலைவிலிருந்து வந்தது நெடும்பகலைக் கேட்டது. அவற்றில் சிலவற்றுக்கு முதலில் குளிரும் வேண்டியிருந்தது. அதாவது பூப்பதற்கு அவை எதிர்பார்க்கும் அடையாளமே நேர் எதிர். வடக்கே பிறந்த விதையைத் தெற்கே விதைத்தால் அது செழித்து நிற்கலாம், ஆனால் சரியான நேரத்தில் விதை கட்டாது. விதை கட்டாத புல்வெளி சில வருடம் பச்சையாக இருந்துவிட்டு மெலிந்துபோகும்.

வளர்ச்சி வேகத்தைப் பற்றியும் வேலை நடந்தது. அதே புல்லின் 5 குடித்தொகைகளை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 1975ல் வந்தது. 8 குடித்தொகைகளின் விதை உறக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு 1982ல் வந்தது. புதிதாக விழுந்த தெமீடா விதை உடனே முளைக்காது, பல மாதம் உறங்கும். எவ்வளவு காலம் உறங்கும் என்பதும் குடித்தொகைக்குக் குடித்தொகை மாறுகிறது. விதை வாங்கியவர் "முளைக்கவில்லை, விதை செத்துவிட்டது" என்று குப்பையில் போடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

அந்த விதை மண்ணுக்குள் தானாகப் புதையும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தெமீடா விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஊசிபோலக் கூராக இருக்கும். அதைச் சுற்றிச் செம்பழுப்பு மயிர், எல்லாம் மேல்நோக்கிச் சாய்ந்தபடி. மேலே கறுத்த, முறுக்கிய நீண்ட மீசை, நடுவில் மடிந்து நிற்கும். ஒரு தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மீசையின் முறுக்கு அவிழத் தொடங்கி, மடிந்த பகுதி மெதுவாகச் சுற்றி வரும். காயும்போது மறுபடி முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் இப்படி மாறி மாறிச் சுழன்று கூர் முனை மண்ணுக்குள் இறங்கும். சாய்ந்த மயிர் அதை வெளியே வரவிடாது. நம் ஊவா மலைகளின் உலர் பத்தனையில் (பத்தனை என்பது மலைப் புல்வெளி) வளரும் தெமீடா திரெமுலா இதே குடும்பத்து உறவு. பண்டாரவளைப் பக்கம் புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் காற்சட்டையில் இப்படி மீசை வைத்த புல் விதைகள் குத்தியிருப்பதைப் பார்க்கலாம்.

இலங்கை மலைகளில் என்னென்ன சொந்தப் புற்கள் இருக்கின்றன?

உலர் பத்தனையில் மானாப்புல்லும் தெமீடா திரெமுலாவும் முக்கியம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற ஈரப் பத்தனையில், 2,100 மீற்றருக்கு மேலே, குத்துக் குத்தாக நிற்பது கிரைசோபோகன் நொடுலிபார்பிஸ். சேற்றுப் பள்ளங்களில் கார்னோட்டியா. இதே கிரைசோபோகன் நீலகிரியின் சோலைப் புல்வெளிகளிலும் இருக்கிறது. கடலால் பிரிந்த இரண்டு மலைத்தொடரில் ஒரே இனம். இரண்டையும் ஒரே தோட்டத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்துப் பார்க்க எனக்கு எவ்வளவோ ஆசை.

இந்தப் பத்தனைகளைத் தரிசு என்று நினைத்துப் பைன் நட்ட காலம் ஒன்று இருந்தது. மலையகத்தில் பல சரிவுகளில் இன்றும் அந்தப் பைன் நிற்கிறது. அடியில் புல் இல்லை. அது பெரிய இழப்பு என்றே நான் சொல்வேன். அந்தச் சரிவின் புல்லோடு அந்தச் சரிவுக்கே உரிய குடித்தொகையும் போய்விட்டது.

கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் பகல் நீளம் ஒன்றுதானே? அப்போது பூக்கும் காலம் எப்படி மாறும்?

சரியான கேள்வி. அவுஸ்திரேலியக் கதையை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. மெல்பேர்னில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 5 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். நமக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது உயரமும் மழையும். 1,000 மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை குறையும். கொழும்பின் சராசரி 27 பாகைக்கு மேல், நுவரெலியாவில் 16 பாகை அளவு. ஹோர்ட்டன் சமவெளியில் தை, மாசி மாதங்களில் புல்மேல் உறைபனி விழுந்து நுனி கருகும்.

மழையின் கணக்கும் வேறு. ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து, வடகிழக்கு மழைக்குக் காத்திருக்கும். ஒரு மலைமுதுகின் இரண்டு பக்கமும் வளரும் ஒரே இனப் புல்லுக்கு மழைக்காலம் தலைகீழ். பரம்பரை வேறுபாட்டைத் தேடுவதென்றால் நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.

ஹட்டனில் என் மாமா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். அவர் சொந்தப் புல்லை வளர்க்கலாமா, சீஓ-3 வளர்க்கலாமா?

பாலுக்காக அறுத்துப் போடுவதென்றால் சீஓ-3 தான். கோயம்புத்தூரில் உருவாக்கிய கம்பு நேப்பியர் கலப்புப் புல் அது. விளைச்சலில் எந்தப் பத்தனைப் புல்லும் அதற்குக் கிட்ட வராது. மாமாவிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். அது தண்டு வெட்டி நடும் புல். அவருடைய வேலியோரத்தில் நிற்கும் 200 குத்தும் பரம்பரையில் ஒரே செடி. ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும். அடுத்தது, அது சூட்டை விரும்பும் புல். நுவரெலியா, அம்பேவெல உயரத்துக்குப் போனால் வளர்ச்சி மந்தமாகிவிடும். அங்கே மேய்ச்சலுக்குக் கிகூயு புல் போடுவது அதனால்தான். கிகூயுவும் கென்யாவின் மேட்டுநிலத்துச் சொந்தப் புல். குளிர்ந்த மலையில் பழகிய புல் இன்னொரு குளிர்ந்த மலையில் பிடித்துக்கொண்டது.

மானாப்புல்லை மாடு இளசாக இருக்கும்போது மட்டும் தின்னும், முற்றினால் தொடாது. எந்தப் புல்லானாலும் பூ வந்த பிறகு தண்டு கூடி, இலை குறைந்து, புரதமும் குறையும். அதனால்தான் தாமதமாகப் பூக்கும் குடித்தொகையைத் தேடுவது மேய்ச்சல் புல் ஆராய்ச்சியில் பெரிய வேலை. இலையாகவே அதிக நாள் நிற்கும் புல் கிடைத்தால் மாட்டுக்கு லாபம். விதைக்குத்தான் நட்டம், இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

தெமீடாவுக்குத் தீ நல்லது என்று படித்தேன். நம் மலையிலும் எரிக்கலாமா?

எரிக்கவே கூடாது. தெமீடா ஆதிக்கம் செலுத்தும் அவுஸ்திரேலியச் சமவெளிகளில் பல வருடம் எரிக்காமலும் மேய்க்காமலும் விட்டால் பழைய இலை மூடி, குத்துகள் ஒளி இல்லாமல் சாகும் என்பது உண்மை. அங்கே அதைத் திட்டமிட்டு, ஆட்களோடும் தண்ணீரோடும் செய்கிறார்கள். ஊவாவில் ஆடி, ஆவணிக் காற்றில் வைக்கும் தீ காட்டுக்குள் ஓடும், தேயிலைக்குள் ஓடும், பிறகு வரும் மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். ஓர் இடத்துப் பழக்கத்தை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பது விதைக்கு மட்டும் சொன்னதில்லை.

ஒரு குடித்தொகைக்குள் எல்லாச் செடியும் ஒன்றாக இருக்குமா?

பெரும்பாலும் இல்லை. காற்றில் மகரந்தம் பரப்பி அயலோடு கலக்கும் புல்லில் ஒரு சரிவுக்குள்ளேயே ஏராளமான மாறல் இருக்கும். தன் மகரந்தத்தையே எடுக்கும் புல்லில் ஒரு குடித்தொகைக்குள் ஒற்றுமை கூடும், குடித்தொகைகளுக்கிடையே வேற்றுமை கூடும். கருக்கட்டல் இல்லாமலே தாயின் நகலாக விதை உண்டாக்கும் புற்களும் உண்டு. கினியாப் புல் அப்படித்தான், தெமீடாவின் பன்மடியச் செடிகளும் ஓரளவுக்கு அப்படி. எனவே ஒரே ஒரு செடியைக் கொண்டுவந்து "இதுதான் பண்டாரவளைப் புல்" என்று சொல்லக்கூடாது. பல தாய்ச்செடிகளிலிருந்து எடுக்க வேண்டும்.

கொழும்பில், மாடிவீட்டில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். பத்தனைப் புல்லில் தொடங்காதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு தூரைக்கூட எடுப்பது குற்றம். அறுகம்புல்லில் தொடங்குங்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகு கடற்கரையிலும் வளரும், மலைநாட்டிலும் வளரும். உலகம் முழுக்க அதன் குடித்தொகைகளுக்கிடையே நிறமூர்த்த எண்ணிக்கைகூட மாறுகிறது. தெஹிவளையில் கடலோரமுள்ள ஒரு வளவிலிருந்தும், 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் பண்டாரவளையில் தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்திலிருந்தும், கேட்டு, ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பன்னிரண்டு செடியின் கொடித்துண்டுகளை எடுங்கள். ஒன்றுக்கொன்று சில மீற்றராவது தள்ளி எடுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் எடுத்தால் ஒரே கொடியையே திரும்பத் திரும்ப எடுத்திருப்பீர்கள்.

கொண்டுவந்தவுடன் அளக்கத் தொடங்காதீர்கள். உப்புக்காற்றில் வாடிய செடி கொஞ்ச நாள் வாட்டத்தோடுதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கலவை மண்ணில் இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு, அதில் வந்த புதுக் கொடியிலிருந்து ஒரே நீளத் துண்டு, ஒரே கணு எண்ணிக்கை பார்த்து வெட்டி மறுபடி நடுங்கள். அந்த இரண்டாம் நடுகையைத்தான் அளக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்த செய்முறை அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டமாக இருக்கும். மற்ற எல்லா உழைப்பும் வீணாகிவிடுகிறது.

சட்டி எங்கே வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பல்கனியின் கடல்பக்கம் வெயில் அதிகம், சுவர்ப்பக்கம் குறைவு. கிழமைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். கொடியின் நீளம், இரண்டு கணுவுக்கு இடையே உள்ள தூரம், மூன்றாவது இலையின் நீள அகலம், நிமிர்ந்த தளிர்களின் எண்ணிக்கை இவ்வளவும் போதும். முடிவில் மண்ணைக் கழுவி, வேரையும் மேல்பகுதியையும் தனித்தனியே பத்திரிகைத் தாளில் சுற்றி, பாடசாலை ஆய்வுகூட அடுப்பில் 70 பாகையில் இரண்டு நாள் காயவைத்து நிறுங்கள்.

பண்டாரவளை அறுகு கொழும்பில் மெதுவாக வளர்ந்தால் அது மட்டமான புல் என்று அர்த்தமா?

இல்லை. கொழும்புத் தோட்டம் கொழும்புக்கான பதிலை மட்டும் சொல்லும். அதே துண்டுகளின் மறுபாதியைப் பண்டாரவளையில் நட்டு அங்கேயும் அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் உள்ளூர்ப் புல்லே முந்தினால், அது தன் இடத்துக்கு இசைவாகியிருக்கிறது என்று சொல்லத் துணியலாம். இரண்டு இடத்திலும் ஒன்றே முந்தினால் கதை வேறு. கொழும்பின் சூடான இரவுகளில் மலைச்செடி பகலில் சேர்த்ததைச் சுவாசத்தில் நிறையச் செலவழித்துவிடலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து தெமீடா விதை வரவழைத்து விதைக்கலாமா?

வேண்டாம். 1999ம் ஆண்டின் 35ம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் தொற்றுத்தடுப்புச் சோதனையும் இல்லாமல் விதை கொண்டுவர முடியாது. சட்டத்தை விடுங்கள், ஹோர்ட்டன் சமவெளியைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடியான யூலெக்ஸ் அங்கே புல்வெளியைப் பிடித்து, பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. வேற்றுநாட்டுத் தெமீடா நம் தெமீடாவோடு போட்டி போடுமா, கலக்குமா என்று விதைத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

உள்ளூர்ப் புல் விதை சேகரித்தால் உறையில் என்ன எழுத வேண்டும்?

இனத்தின் பெயர் மட்டும் எழுதிய உறை எனக்குக் கிட்டத்தட்ட வெற்று உறைதான். இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண் ஈரமா வறண்டதா, மேய்ச்சல் அல்லது தீ பட்ட அடையாளம் உண்டா, எத்தனை தாய்ச்செடியிலிருந்து எடுத்தது, திகதி. உயரத்தைக் கைத்தொலைபேசியே காட்டும். பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் மை ஊறும். தாய்க்கு ஓர் உறை என்று பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. பிறகு கலக்கலாம், கலந்ததைப் பிரிக்க முடியாது. உறையைக் கடதாசியில் செய்யுங்கள், பொலித்தீனில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.